மிக்கிக்குக் கண் திறந்தவர்

கொடைக்கானலுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பிரையண்ட் பூங்கா என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். "என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும். யூகலிப்டஸ் தைலம் இரண்டு புட்டி, சாக்லெட் அரைக் கிலோ, மலைப்பூண்டு ஒரு கிலோ. குழந்தை இருக்கிற வீடானால் இவற்றோடு, உடம்பை விடத் தலை பெரிதாகவும் தலையை விடக் கண் பெரிதாகவும் உள்ள ஒரு பொம்மை.

எங்கள் வீட்டிலும் அதுவேதான் நடந்தது. அக்காவின் ஆறு வயதுப் பெண்ணை அழைத்துக் கொண்டு நான் போயிருந்தேன். அவளைக் குட்டி என்றே சொல்லி வைக்கிறேன். அக்கா அனுப்பும்போதே, "பொம்மை மட்டும் வாங்கித் தராதே, வீட்டில் இடமில்லை" என்று எச்சரித்திருந்தாள். ஏரிக்கரையில் காலை வைத்துப் பத்து நிமிஷத்தில் அந்த எச்சரிக்கை காற்றில் பறந்தது.

பழனியிலிருந்து மலைப் பாதையில் சுமார் 65 கிலோமீட்டர். கீழே கொய்யாவும் தென்னையும் பார்த்துக் கொண்டே புறப்பட்ட பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. வாழைத் தோட்டம், காப்பிச் செடி, மிளகுக் கொடி எல்லாம் கடந்து, காதுக்குள் அடைத்த பஞ்சு 'பொட்'டென்று விட்டாற்போல் ஒரு சத்தம் கேட்கும்போது குளிர் வந்துவிடும். அந்த மலையின் அழகைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது பொம்மைகளைப் பற்றி.

மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை 1863-ல் ஓடையைத் தடுத்துக் கட்டியது இந்த ஏரி. அவர் இன்றைக்கு எழுந்து வந்தால் தண்ணீரை அடையாளம் கண்டுகொள்வார். கரையைக் கண்டுகொள்ள மாட்டார். பலூன், தொப்பி, பனியன், குடை, சாவிக் கொத்து, முதுகுப் பை என்று எங்கே திரும்பினாலும் ஒரு முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒரு கடையில் ஒரே கயிற்றில் மூன்று மிக்கி எலிகள் தொங்கின. மூன்றும் மிக்கிதான். ஆனால் மூன்றும் ஒரே ஆள் இல்லை!

குட்டிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"சித்தி, இந்த மிக்கி கண்ணை யார் கடிச்சது?"

ஒரு மிக்கிக்குக் கறுப்பு முட்டைக் கண். அந்த முட்டையில், அதிரசத்தை ஓரமாகக் கடித்தது போல, ஒரு முக்கோணத் துண்டு காணவில்லை. இன்னொன்றுக்கு வெள்ளை விழியும் அதற்குள் கருமணியும். மூன்றாவது மிக்கி ஏறக்குறையக் கைக்குழந்தை.

"அது ரொம்பப் பழைய மாடல் பாப்பா. இப்ப அதுதான் பேஷன். காலேஜ் பசங்க அதைத்தான் தேடி வந்து வாங்கறாங்க" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது உண்மை. மிக்கி வெள்ளித் திரையில் பேர் வாங்கியது 1928 நவம்பரில். அப்போது அவன் கையில் உறைகூடக் கிடையாது; வெள்ளைக் கையுறை அடுத்த வருஷம்தான் வந்தது. கண் வெறும் கறுப்புப் பொட்டு. ஒளி பட்டது போல் காட்டுவதற்காக அச்சுப் படங்களிலும் பொம்மைகளிலும் அந்தப் பொட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். 1932-ல் கே காமென் என்ற விளம்பரக்காரர் மிக்கியின் முகத்தைச் சாமான்களில் போடும் உரிமையை நிர்வகிக்க வந்தார். மறு வருஷமே மிக்கி போட்ட கைக்கடிகாரம் கடைக்கு வந்துவிட்டது. ஆக, சினிமாவில் ஓடிய எலி ஐந்தே வருஷத்தில் குழந்தைகளின் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்து கொண்டது.

1930-களின் கடைசியில் பிரெட் மூர் என்ற சித்திரக்காரர் அவனுக்கு வெள்ளை விழியும் கருமணியும் வைத்தார். 1939-ல் வந்த படத்தில் அந்தப் புதுக் கண்ணோடு மிக்கி நடித்தான். பிறகு 1955 ஜூலை 17-ந் தேதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது, காகிதத்தில் இருந்தவன் ஆள் உயர வேஷமாகி, குழந்தைகளோடு கை குலுக்க ஆரம்பித்தான். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. 2013-ல் பால் ருடிஷ் என்பவர் எடுத்த குறும்படங்களில் மிக்கிக்குப் பழைய கறுப்பு முட்டைக் கண்ணே திரும்பி வந்தது. அந்தப் பாணியிலேயே ஒரு ரயில் சவாரியை 2020-ல் புளோரிடாவிலும், 2023-ல் கலிபோர்னியாவிலும் அமைத்தார்கள். தாத்தா காலத்துக் கண் பேரன் காலத்தில் புது நாகரிகமாகிவிட்டது. நம் வீட்டில் காசு மாலையும் லோலாக்கும் திரும்பி வரவில்லையா, அது மாதிரி!

கண் ஏன் இப்படி வளர்ந்தது என்பதை ஒரு விஞ்ஞானி அளந்தே பார்த்திருக்கிறார். அவர் பெயர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1979-ல் எழுதிய ஒரு கட்டுரைக்காக மிக்கியின் பழைய படங்களையும் புதிய படங்களையும் எடுத்து வைத்துக் கொண்டு, எலும்புக் கூட்டை அளக்கிற மாதிரி அளந்தார். ஆரம்பத்தில் தலை நீளத்தில் நூற்றுக்கு 27 பங்காக இருந்த கண் 42 பங்காகிவிட்டது. உடம்பு நீளத்தில் நூற்றுக்கு 42.7 பங்காக இருந்த தலை 48.1 பங்காகிவிட்டது. நாம் எல்லாரும் வயதாக ஆக வளர்கிறோம். மிக்கியோ வயதாக ஆகக் குழந்தையாகிக் கொண்டே போயிருக்கிறான். இதற்கு ஆதாரமாக, கொன்ராடு லோரன்ஸ் என்பவர் 1943-லேயே சொன்னதைக் கூல்ட் எடுத்துக் காட்டுகிறார்: பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் இவற்றைக் கண்டால் நமக்குத் தானாகவே பாசம் சுரந்துவிடும், நாய்க்குட்டியானாலும் சரி, பொம்மையானாலும் சரி.

பிள்ளை பெற்ற எந்தத் தாயும் இதைச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் காலிப்பர் வைத்து அளந்திருக்க மாட்டாள்.

நம்மூர் முகங்களும் இதற்கு விலக்கில்லை. 2008-ல் டெலிவிஷனுக்கு வந்த சோட்டா பீம், வேஷ்டியை வரிந்து கட்டி லட்டு சாப்பிடும் பையன். 2019-ல் அவனையே தவழ்கிற குழந்தையாக்கி இன்னொரு தொடர் வந்தது. அவனுடைய பையும் தண்ணீர்ப் புட்டியும் ஏரிக்கரையில் வரிசையாகத் தொங்குகின்றன. டோராவுக்கு மட்டும் ஒரு முறை எதிர்த் திசையில் போய்ப் பார்த்தார்கள். 2009-ல் அவளை உயரமான, மெலிந்த பெண்ணாக மாற்றப் போவதாக அமெரிக்காவில் அறிவிப்பு வந்ததும் அங்கே தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "எங்கள் குழந்தையின் சிநேகிதியை ஏன் அலங்கார பொம்மையாக்குகிறீர்கள்?" என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

டோரா என்றதும் புஜ்ஜி நினைவுக்கு வருகிறது. அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக் கொண்டே புஜ்ஜிக் குரங்கு பொம்மை ஒன்றைக் குட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் தூண் பாறையில் ஒரு நிஜக் குரங்கு வந்து புஜ்ஜியைப் பறித்துக் கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. முகர்ந்து பார்த்தது, காதைக் கடித்துப் பார்த்தது, உள்ளே பஞ்சுதான் என்று தெரிந்ததும் விட்டெறிந்துவிட்டது. குட்டி அழவில்லை. "புஜ்ஜியோட அண்ணன் விளையாடினான்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அன்று சாயங்காலமும் அவள் அதே மாதிரிதான் நினைப்பாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் தங்கிய விடுதியின் வாசலில் ஒரு காட்டெருமை நின்றது. பைபரில் செய்தது. கழுத்தில் சிவப்பு மப்ளர், வட்டக் கண், கண் முழுக்கச் சிரிப்பு. 'வாருங்கள்' என்று கை கூப்பியது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேஷ்டி சட்டையோடு ஊரெங்கும் கை கூப்பி நின்றானே தம்பி என்ற குதிரை, அவனைப் பார்த்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. நன்றாகவே செய்திருந்தார்கள். குட்டி போகும்போதும் வரும்போதும் அதன் மூக்கைத் தடவிவிட்டுத்தான் போவாள்.

காட்டெருமை என்று நாம் சொல்கிறோமே தவிர, அது எருமை இல்லை, மாட்டு இனம். நன்றாக வளர்ந்த காளை ஆறடி உயரம் இருக்கும். எடை ஆயிரம் கிலோவை எட்டும். முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டாற்போல் இருக்கும். காட்டில் இருக்க வேண்டியது, இப்போது கொடைக்கானல் தெருக்களிலேயே நடமாடுகிறது. முட்டுப்பட்டு மனிதர்கள் செத்ததும் உண்டு.

அன்று பொழுது சாயும் நேரம். ஏரியைச் சுற்றிய பாதையில் கூட்டம் கூடியிருந்தது. புல் சரிவில் ஒரு காட்டெருமை மேய்ந்து கொண்டிருந்தது. ஆளாளுக்குச் செல்போனை நீட்டிக் கொண்டிருந்தார்கள். நானும் பையில் போனைத் தேடினேன். அதற்காக ஒரு கையை விட்டேன். அவ்வளவுதான்.

"சித்தி, நம்ம ஹோட்டல் மாடு!" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தபோது குட்டி சரிவில் பாதி தூரம் போய்விட்டாள். மூக்கைத் தடவுவதற்காக வலது கையை முன்னால் நீட்டிக் கொண்டே போகிறாள். எனக்குக் குரல் எழும்பவில்லை. காட்டெருமை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. மூக்கில் ஒரு சீறல்.

சவாரிக் குதிரையைப் பிடித்துக் கொண்டு நின்ற ஒரு பையன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். ஓசைப்படாமல் ஓடி, குட்டியை இடுப்போடு வாரிக் கொண்டு, மாட்டுக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்தான். என் கையில் அவளைக் கொடுத்து, "புள்ளையைப் புடிச்சுக்குங்கக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவனுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்காமல் குதிரையைத் தேடிப் போய்விட்டான்.

"அது சிரிச்சுதே சித்தி" என்றாள் குட்டி. இரவு வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். குளிரைப் பற்றியும் சாக்லெட்டைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில், ஒரு பழைய பங்களாவின் வேலியில் தகரப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. 'காட்டெருமை வரும் இடம். கிட்டே போகாதீர்' என்று எழுதி, கீழே படம். பெயிண்டும் பிரஷ்ஷுமாகக் கையால் எழுதியது. தலை தாழ்ந்திருக்கிறது, தோள் திமிர்ந்திருக்கிறது. கண்ணோ ஒரு மிளகளவு. அந்த மிளகு நம்மையே பார்க்கிறது. நேற்று அவ்வளவு தைரியமாக ஓடிய குட்டி, அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, ஒரு அடி பின்னால் வந்து என் புடவையைப் பிடித்துக் கொண்டாள்.

"இது வேற மாடு சித்தி."

பங்களாக் காவல்காரரிடம் யார் எழுதியது என்று விசாரித்தேன். பழனி அடிவாரத்தில் ஒரு பெரியவர். ராட்டினத்துக்கு வர்ணம் அடிக்கிறவர். எப்போதாவது மேலே வந்து போர்டு எழுதித் தருவார் என்றார். நாங்கள் திரும்புவதும் பழனி வழியாகத்தான். போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகளைத் தாண்டி, பூ விற்கிறவர்களையும் ஜாதகம் பார்க்கிறவர்களையும் தாண்டி, ஒரு காலி மனையில் குடை ராட்டினம் பிரித்துப் போட்டுக் கிடந்தது. குதிரை, வாத்து, மோட்டார் கார், மிக்கி தலை போட்ட இரண்டு நாற்காலி. எல்லாம் இரும்புத் தகடு. தைப்பூசத்துக்குள் புது வர்ணம் அடித்தாக வேண்டும். பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டிக் கொண்டு, உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி" என்றவர், மலைமேல் பார்த்த பலகையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதே தொழிலாம். முதலில் சினிமா தட்டி, பிறகு கடை போர்டு. பிளெக்ஸ் வந்ததும் இரண்டும் போய்விட்டன. மிஞ்சியது ராட்டினம்தான்.

"இந்த மிக்கிக்கு மாதிரி எங்கிருந்து எடுத்தீர்கள்?"

"முத முதல்ல ஒரு பிஸ்கட் டப்பா மூடியிலிருந்துங்க. கட்டம் போட்டுப் பெரிசு பண்ணினேன். அதுல கண்ணு பொட்டாத்தான் இருந்துச்சு. அப்புறம் ராட்டினக்காரர் மகன் ஒரு பனியனைக் கொண்டாந்து, 'இதுல இருக்கிற மாதிரி வெள்ளை முழி வையுங்க'ன்னான். வச்சேன். இப்ப பாருங்க..." என்று ஒரு பள்ளிக்கூடப் பையை எடுத்துக் காட்டினார். அதில் சோட்டா பீம். "காதை அறுத்துட்டு இவனாக்கணுமாம். கண்ணை இன்னும் பெரிசாப் போடணுமாம்."

"உங்களுக்கு வருத்தமாக இல்லையா?"

"எதுக்குங்க வருத்தம்? டப்பா மாறுச்சு, நான் மாத்தினேன். இன்னிக்குப் பிள்ளைங்களுக்கு இன்னிக்கு முகம் வேணுமில்ல?"

பழைய கலைஞரின் ஏக்கத்தை எழுதி, வாசகர்களைக் கண் கலங்க வைக்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தவள் நான். மூட வேண்டியதாயிற்று.

"அப்படியானால் அந்தக் காட்டெருமைக்கு மட்டும் ஏன் அவ்வளவு சின்னக் கண்?"

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "அதை நேர்ல பாத்திருக்கேனுங்க. பெருமாள்மலைக்கிட்ட ஒரு தடவை, இங்கிருந்து அந்த வேப்பமரம் தூரம். கண்ணு அவ்வளவுதான் இருந்துச்சு. மிக்கியை யாரு நேர்ல பாத்தது?"

விடுதி வாசலில் நிற்கும் மப்ளர் போட்ட காட்டெருமையைப் பற்றிச் சொல்லி, அதை எழுதச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "போட்டிருப்பேன் அம்மணி. வயிறு இருக்குதில்ல?" என்றார் பளிச்சென்று. கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "மூக்கை எட்டாத உசரத்துல வச்சிருப்பேன்" என்றார். குட்டி மூக்கைத் தடவிய கதையை நான் முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன்.

எந்த உருவமானாலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பாராம். ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி. அதுவரை யாரும் ராட்டினத்தில் உட்காரக் கூடாது. "மிக்கிக்குமா?" என்றேன். "உருவம்னா உருவந்தானுங்களே" என்றார்.

இதற்குள் குட்டி ஒரு நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். அதில் பாதிதான் தேய்த்திருந்தது. மேல் வர்ணம் உரிந்த இடத்தில் வெள்ளை விழி கரைந்து, அதற்கு அடியிலிருந்து துண்டு வெட்டின பழைய கறுப்புக் கண் எட்டிப் பார்த்தது. இன்னொரு பக்கத்தில் புதுக் கண் அப்படியே இருந்தது.

"தாத்தா, இதுக்கு மூணு கண்ணு! இதை அழிக்காதீங்க."

"மூணு கண்ணோட இருந்தா எந்தப் பிள்ளை கண்ணு உக்காரும்?"

"நான் உக்காருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கண் திறக்காமல் உட்காரக் கூடாது என்ற சட்டம் மூன்று கண் உள்ளதற்குப் பொருந்தாது என்று முடிவாயிற்று. எதிரே டீ குடித்துக் கொண்டிருந்த ராட்டினக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அந்த ஒற்றை நாற்காலியை மட்டும் தூக்கிக் கம்பத்தில் மாட்டி, கையாலேயே தள்ளிச் சுற்றினார்கள். புஜ்ஜியை மடியில் வைத்துக் கொண்டு குட்டி மூன்று சுற்று சுற்றினாள். பின்னால் பழனி மலையும் வந்து வந்து போயிற்று.

திருவிழாவில் தலைக்கு முப்பது ரூபாயாம். புஜ்ஜிக்கும் சேர்த்து அறுபது கொடுத்தேன். ராட்டினக்காரர் புஜ்ஜியின் முப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.